மேற்கோளும் களவும்

சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களும் அவற்றைத் தொடர்ந்த வார்த்திகமும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையில் நடப்பவை. ஆண்டு மேற்கோளெனப்பட்டது, ஆசிரியர் நிறுவக் கருதித் தாமே மேற்கொண்ட துணிபு; வடநூலார் பிரதிஞ்ஞை என்பது அதனையே. இக்காலத்து அச்சொல் பிறர் நூலினின்றும் எடுத்துக் காட்டப்படும் வாக்கியத்தைக் குறித்து வழங்குகின்றது. சொற்கள் பொருள் திரிந்து வழங்குதல் இயல்பாதலின் அதுபற்றிக் குறைகூறுதற்கு இடமில்லை. ஆயினும், சைவசித்தாந்த ஆராய்ச்சி என்னும் பெயரால் அண்மைக் காலத்து வெளிவருவனவற்றுள் ஒருசாரன இவ்விரு பொருளையும் விபரீதமாக ஒன்றாக்கி விடுகின்றன. எழுதினார் தம் துணிபெனக் கூறும் மேற்கோள்தானும் பிறரிடத்து எடுத்துக்கொண்ட மேற்கோளாய் முடிகின்றது. எடுத்த இடமோ சொல்லப்படுவதில்லை.

இதனைக் கண்டிப்பார்க்கு விடையாக ஒரு கூற்று வழங்குகின்றது. மூலத்தை இன்ன நூல், இன்ன பக்கம் எனக் காட்டுதல் மேல்நாட்டார் வழக்கம். நம் முன்னோர் நூலை ஒருவர்க்கு உரிய உடைமையாகக் கொண்டிலர். உரையாசிரியன்மார் தமக்கு முன்னிருந்தாருடைய உரைகளைத் தம் உரையுட் பெய்துகொண்டனர். ஒருவரேனும் அடிக்குறிப்பு இட்டாரல்லர். ஆதலின் பொதுச் செல்வத்தை எடுத்தாண்டார்மேற் களவேற்றுதல் மரபறியாதார் செயலாம் என்பது. வெறும் சோம்பலாற் பிறந்த விடையாயின் இதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. முன்னோர் பெயரைத் துணையாகப் பற்றிக்கொண்டு எழுந்ததாதலின் ஆராயற்பாலதாயிற்று.

தொல்காப்பியத்தைத் திறந்தார் ஒருவர்க்கு முதற்கட் புலப்படுவதே, அவ்வாசிரியர் தம் விதிகளுட் பலவற்றை என்ப, மொழிப, என்மனார் புலவர் என முன்னோர்மேல் வைத்துக் கூறும் நெறி. தாமே அறிந்து தாமே வகுத்தது எனக் கூறும் உரிமை அத்துணைப் பெரிய ஆசிரியர்க்கு இல்லாமற் போகவில்லை. அவ்வாறிருந்தும், இது வழிவழி வந்தது என்பதனைச் சூத்திரந்தோறும் உணர்த்திச் சென்றார். பெயர் சுட்டிற்றிலரே எனின், அக்காலத்துக் கற்பார் அப்புலவரை அறிவராதலின் பொதுவிற் கூறுதல் அமைந்தது என்க. ஈண்டு நோக்கற்பாலது, தன்னது இது, முன்னோரது இது என்னும் பாகுபாடு அந்நூலின்கண் மறைக்கப்படவில்லை என்பதே.

பவணந்தியார் இதனினும் வெளிப்படையாகக் கூறினார். பாயிரப் பகுதியின் 9-ஆம் சூத்திரத்து, முன்னோர் நூலின் பொருளையேயன்றி அவர்தம் சொல்லையும் அப்படியே எடுத்தாளுதற்குக் காரணம் கூறுகின்றார். அவர் சொல்லைப் போற்றுதல் ஒன்று. அவர்க்கு மாறாக வேறுநூல் செய்வேம் எனத் தாம் கருதவில்லை என்பதனைப் புலப்படுத்துதல் மற்றொன்று. இவ்விரு காரணங்களும் எடுத்தாண்டது வெளிப்படத் தெரிந்தாலன்றி நிகழா என்பதனைச் சிந்திக்க. மறைத்து எடுத்தவன் போற்றினான் என எவ்வாறு அறியப்படும்? தன் நூல் வேறன்று எனக் காட்டுதற்குப் பழஞ்சூத்திரத்தைப் பெய்தவன், அது பழஞ்சூத்திரம் என்பதனைக் கற்பார் அறியாதவாறு செய்தானாயின், தான் கருதிய பயனைத் தானே அழித்தவனாவான். ஆகவே, மரபு காட்டிக் களவை மறைப்பார் சான்றாக எடுக்கும் சூத்திரமே அவர்க்கு மாறாய் நிற்கின்றது.

திருவாரூர் வைத்தியநாத தேசிகர் இயற்றிய இலக்கண விளக்கம் இதற்கு நல்ல உதாரணமாகும். தொல்காப்பியச் சூத்திரங்களும் நன்னூற் சூத்திரங்களும் பல அந்நூலுள் உருமாறாமலே அமைந்துள்ளன. அதுபற்றி அந்நூலைக் களவு என்பார் இலர். குட்டித் தொல்காப்பியம் எனப் புனைந்துரைத்தலும் உண்டு. என்னை? நன்னூலை நெட்டுருச் செய்தவனே இலக்கண விளக்கத்தைப் பாடங் கேட்கப் புகுவான். அவன் கண்முன்னே எடுத்த சூத்திரத்தை மறைத்தல் எவ்வாற்றானும் இயலாது. பத்துப்பேர் கேட்டறியாத ஒரு கட்டுரையினின்றும், அல்லது நூலகத்து அடுக்கில் துயிலும் பழைய திங்களிதழினின்றும், நான்கு பக்கத்தை எடுத்துத் தன் பெயரால் வெளியிடுவான் ஒருவன், தனக்கு வைத்தியநாத தேசிகரைத் துணை கூட்டுதல் நகைத்தற்குரியது.

பிறர் உரையைத் திருத்துவார் நடந்துகொள்ள வேண்டிய முறைக்குத் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் செய்தது ஒன்றே போதிய சான்றாம். நன்னூலுக்கு விருத்தியுரை கண்டவர் சங்கரநமச்சிவாயர். இலக்கணக்கொத்து இயற்றிய சுவாமிநாத தேசிகரின் மாணாக்கர். அவ்வுரையை முனிவர் பலவிடத்துத் திருத்தியும் கூட்டியும் செப்பஞ் செய்தனர். தொல்காப்பிய முதற் சூத்திரத்திற்கும் பாயிரத்திற்கும் தனியே விருத்தி கண்ட அவர்க்கு நன்னூலுக்குப் புதியதோர் உரை வகுத்தல் அரிதன்று. அங்ஙனமிருந்தும், அவ்விருத்தி சங்கரநமச்சிவாயர் செய்து சிவஞான முனிவரால் திருத்தப்பட்டது என்றே வழங்கிற்று. 1851-இல் ஆறுமுக நாவலர் அதனை அச்சேற்றினர். பின்னர் உ. வே. சாமிநாதையர் சங்கரநமச்சிவாயர் உரையைத் தனியே பதிப்பித்தமையின், எது முதலுரை, எது திருத்தம் என்பதனைக் கற்பார் ஒப்பிட்டுக் காணவும் இயல்வதாயிற்று. ஒருவர் உரையை மற்றொருவர் தம் புலமையால் மேம்படுத்திய இடத்தும், முதலுரைகாரர் பெயர் அழியவில்லை. திருத்தினார் பெயரும் மறையவில்லை. அடிக்குறிப்பு என்னும் பெயர் அறியாத காலத்தே நிகழ்ந்தது இது.

காப்பியம் செய்யும் கவிகட்கு விதி வேறு என்பாரும் உளர். பத்தாம் நூற்றாண்டினரான இராசசேகரர் காவிய மீமாஞ்சையில் அரணம் என்னும் தலைப்பில் இதனை 11-ஆம் அதிகாரம் முதலாக விரித்துரைத்துச் சொல்லை எடுத்தல், பொருளை எடுத்தல் என வகுத்து, எடுத்தாளாத கவி அரியன் என்னும் கருத்துப்பட எழுதிச் செல்கின்றார். அது கவிகளின் வழக்கு. கவி ஒருவன் தான் சொன்னது மெய்யென நிறுவக் கடவானல்லன். கேட்பார்க்குச் சுவை பிறப்பித்தால் அமையும். சாத்திரம் எழுதுவானோ மெய்யென நிறுவக் கடவன். ஆதலின் காவிய மீமாஞ்சையை ஆராய்ச்சிக் கட்டுரைக்கு விதியாக்குதல் பொருந்தாது.

இனிச் சைவ சாத்திரங்களின் நெறி யாதெனப் பார்க்க வேண்டும். சிவஞான சித்தியார் பரபக்கம் புறச்சமயத்தார் ஒவ்வொருவர் கொள்கையையும் அவரவர் வாயிற் கேட்டாற்போல முன்னர் நிறுத்திப் பின்னரே மறுக்கின்றது. உமாபதி சிவம் 1313-இல் அருளிய சங்கற்ப நிராகரணமும் மாயாவாதி முதலாக ஒவ்வொருவர் சங்கற்பத்தையும் பெயர் கூறி வைத்துப் பின் நிராகரிப்பது. இஃது இவன் கூற்று, இஃது என் மறுப்பு என்னும் எல்லை இவற்றுள் எங்கும் கலங்கவில்லை. சிவஞான முனிவர் இலக்கண விளக்கத்தின்மேல் எழுதிய சூறாவளியிலும், மறுக்கப்படும் இடத்தை எடுத்து வைத்தே மறுப்புத் தொடங்குகின்றது. அந்நூலின் கடுமையைக் குறைகூறுவார் உளர். மறைத்தான் எனக் கூறுவார் இலர்.

எதிரியின் நூலையும் பெயர் சொல்லி எடுத்தாளுதலால் விளைந்த பயன் ஒன்று ஈண்டுக் கூறத்தக்கது. குண்டலகேசி என்னும் பௌத்த காப்பியம் இறந்துபட்டது. அதனை மறுத்தெழுந்த சைன நூலாகிய நீலகேசிக்குச் சமய திவாகர வாமனர் விருத்தி கண்டபோது, மறுக்கப்படும் பௌத்த நூற் செய்யுட்களை எடுத்துக் காட்டினர். 1936-இல் அ. சக்கரவர்த்தி நயினார் அவ்விருத்தியோடு நீலகேசியைப் பதிப்பித்தனர். குண்டலகேசியின் எஞ்சிய செய்யுட்களுட் சில இவ்வாறு பகைவன் வாயிலாகவே பிழைத்தன. சமயப் பகையுடைய உரைகாரர் காட்டிய நேர்மையை, ஒரு சமயத்து அன்பர் ஒருவர் மற்றோர் அன்பர் நூலுக்குக் காட்டாமை வருந்தத்தக்கது.

முன்னோர் வழக்கில் குறையே இல்லை எனக் கூறுதலும் நடுவுநிலை ஆகாது. திருக்குறளுக்கு உரைசெய்தார் பதின்மர் என்பது மரபு. அவருள் மணக்குடவர், பரிப்பெருமாள், பரிதியார், காலிங்கர், பரிமேலழகர் என்னும் ஐவர் உரையே இன்று கிடைப்பன. தருமர், தாமத்தர், நச்சர், திருமலையர், மல்லர் என்பார் உரைகள் இறந்துபட்டன. பரிமேலழகர் தம் உரையிற் பலவிடத்துப் பிறர் உரையையும் பிற பாடங்களையும் எடுத்து மறுக்கின்றார். ஆயின் அவர் யாவர் எனப் பெயர் சுட்டுவதில்லை; என்பாரும் உளர் என்னும் அளவில் அமைகின்றார். கிடைத்துள்ள நால்வர் உரையோடு ஒத்துப் பார்த்து, இது மணக்குடவரை மறுத்தது, இது காலிங்கரை மறுத்தது எனச் சிலவற்றைத் துணியலாம். அந்நால்வர் உரையிலும் காணப்படாத மறுப்புக்களோ யாரைக் குறித்தன என அறியும் வாயிலே அடைபட்டது. ஒரு பெயர், ஓரிரண்டு எழுத்து மிகுதியாக எழுதப்பட்டிருப்பின், இறந்துபட்ட ஐந்துரைகளின் சிறுசிறு துண்டுகளேனும் இன்று தமிழுலகிற்குக் கிடைத்திருக்கும். தமக்கு முன் இருந்த ஏடுகள் தமக்குப் பின்னும் இருக்கும் என அவர் கருதியிருத்தல் கூடும். அக்கருத்தைக் காலம் பொய்யாக்கிற்று.

பரிப்பெருமாள் உரை பெரும்பாலும் மணக்குடவர் உரையையே தழுவிச் செல்வது. தருமபுர ஆதீனத்தின் வாயிலாக ச. தண்டபாணி தேசிகர் 1950-ஆம் ஆண்டு முதற் பதிப்பித்த திருக்குறள் உரைவளம் உரைகளை அடுத்தடுத்து நிறுத்தியமையின், இவ்வொப்புமை பள்ளி மாணாக்கனும் காணும்படி வெளிப்பட்டது. அதனைக் களவெனக் கூறுதல் மிகை. வழிவழிப் பாடங்கேட்டு உரை வகுக்கும் முறையில் ஆசிரியன் உரையும் மாணாக்கன் உரையும் ஒன்றாதல் உண்டு. ஆயினும், எவ்வளவு தம்முடையது என்பதனைப் பரிப்பெருமாள் கூறாமற் போனமையின், அவர் தாமே கண்ட நயங்களும் மணக்குடவர் நிழலில் மறைந்தன என்பது அறியத்தக்கது. மூலங்கூறாமை பிறனுக்கு மட்டுமன்றிக் கூறாதானுக்கும் இழப்பைத் தருவது. இதனை இளைஞர் பெரும்பாலும் எண்ணுவதில்லை.

நச்சினார்க்கினியரும் பேராசிரியரும் என்றார் பிறரும் என்னும் அளவில் மேற்கோள்களை நிறுத்திச் சென்றனர். கேட்பார் அவற்றை மனனஞ் செய்தவர் என்னும் துணிவே அதற்குக் காரணம். அம்மனனம் அற்றுப்போன பின், சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்த சாமிநாதையர், 1887-இல் அது வெளிவருமுன், அவ்வுரைமேற்கோள்கள் எந்நூலைச் சார்ந்தன எனத் தேடி உழன்ற வரலாறு யாவரும் அறிந்தது. அத்தேட்டமே சங்க நூல்களின்பால் அவரைச் செலுத்திற்று. திருவாவடுதுறை ஆதீனத்துச் சுவடிகள் பெருந்துணையாயின. அவர் தம் பதிப்புக்களில் எல்லாம் மேற்கோள்களின் ஆட்சியிடத்தை விடாது குறித்தமை மேல்நாட்டாரைப் பார்த்து மேற்கொண்ட புதுவழக்கு அன்று. பழைய உரைகாரர் விட்ட குறையால் தாம் பட்ட பாட்டின் விளைவு.

மூலத்தை முழுமையாகச் சுட்டுதலின் பயன் யாது என்பதனைச் சித்தாந்த உலகில் நெடுநாளாக நிகழும் ஒரு வழக்கு நன்கு விளக்கும். சிவஞானபோதம் இரௌரவாகமத்துப் பாவவிமோசனப் படலத்தின் 12 சூத்திரங்களை மொழிபெயர்த்தது என்பது சிவஞான முனிவர் கொள்கை. தமிழே முதனூல், வடமொழிச் சூத்திரங்கள் பின்னர் எழுந்தன என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. இவ்விரண்டனுள் எது வலியுடையது என்பது ஈண்டு நோக்கமன்று. முன்னையோர் ஆகமம் கூறும் என வாளா கூறிப் போகாமல், இன்ன ஆகமம், இன்ன படலம் எனச் சுட்டியமையே ஈண்டு நோக்கம். அச்சுட்டினால் அன்றோ அக்கூற்றை ஆராயும் வழி பிறந்தது? புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வாயிலாக நா. ரா. பட் 1961, 1972, 1988-ஆம் ஆண்டுகளில் இரௌரவாகமத்தை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தபோது, அப்படலம் உண்டா என ஆவலோடு பார்த்தார் பலர். அப்பதிப்பில் அது காணப்படவில்லை. கிடைத்த சுவடிகள் முழுமையுடையன அல்ல என ஒரு சாராரும், இல்லாமையே சான்று என மற்றொரு சாராரும் இன்றும் வாதிடுகின்றனர். வாதம் நிகழ்தற்கு ஒரு நிலம் இருக்கின்றது. மூலம் சுட்டப்படாதிருப்பின், இருதிறத்தாரும் இருளில் கைவீசிக் கொண்டிருப்பர்.

இந்நெறியை அறியாமையினால் இன்று பெருகி வருவது இரண்டாங்கை மேற்கோள். ஒருவர் சிவஞான மாபாடியத்தைக் கற்கின்றார்; ஆண்டு முனிவர் மிருகேந்திரத்தினின்றும் பவுட்கரத்தினின்றும் எடுத்துக் காட்டிய வாக்கியங்களைக் காண்கின்றார்; அவற்றைத் தம் கட்டுரையுட் பெய்து, மிருகேந்திரம், பவுட்கரம் எனக் குறிப்பிடுகின்றார். மாபாடியம் என்னும் பெயர் அக்குறிப்பில் இல்லை. படிப்பார் அவர் ஆகமங்களையெல்லாம் துருவி ஆராய்ந்தார் என நினைப்பர். சொல்லப்பட்டது பொய்யன்று, சொல்லிய வகையே பொய்யாயிற்று. முனிவர் கொண்ட பாடம் ஒன்றாகவும், இன்று அச்சில் உள்ள பாடம் வேறாகவும் இருக்குமாயின், அவ்வேறுபாடு இவர் கட்டுரையில் ஒருகாலும் வெளிப்படாது. மாபாடியத்தை அச்சிட்டார் கையால் நேர்ந்த எழுத்துப் பிழையும் ஆகமத்தின் தலையில் ஏறும். அடுத்து வருபவர் இக்கட்டுரையினின்றும் எடுப்பர்; அவரிடமிருந்து மற்றொருவர். இவ்வாறு பத்துக் கட்டுரைகள் ஒரு பிழையை ஒருமுகமாகக் கூறும்போது, பத்துச் சான்றுகள் உள எனத் தோன்றும். எண்ணிப் பார்க்கின் சான்று ஒன்றே. மிருகேந்திரம் நாராயணகண்டர் விருத்தியோடும், மதங்கபாரமேசுவரம் இராமகண்டர் விருத்தியோடு 1977, 1982-ஆம் ஆண்டுப் பதிப்புக்களாகவும் அச்சிற் கிடைக்கும் இந்நாளில், மூலத்தை ஒருகாற் புரட்டிப் பாராமைக்குச் சொல்லத்தக்க காரணம் யாதுமில்லை. பார்க்க இயலாதார், மாபாடியத்துக் காட்டப்பட்ட மிருகேந்திர வாக்கியம் என எழுதினால் எவ்விழுக்கும் இல்லை. அஃது அவர் உழைப்பைக் குறைத்துக் காட்டும் என அஞ்சுகின்றனர் போலும். முனிவரிடம் பெற்றோம் எனக் கூறுதல் எத்துணைப் பெருமை என்பதனை எண்ணாராயினர்.

இதனை வெறும் நாகரிக விதியாகக் கொள்ளாமைக்குச் சித்தாந்திகட்குத் தனியே ஒரு காரணம் உண்டு. சித்தியார் அளவைகளைத் தொகுத்துக் காண்டல், கருதல், உரை என மூன்றனுள் அடக்குகின்றது. உரையளவை அளவையாவது, உரைத்தவன் ஆப்தன் என்பது துணியப்பட்ட வழியே. உரைத்தவன் இன்னான் எனவே தெரியாதபோது அவன் ஆப்தனா அல்லனா என எதனைக் கொண்டு துணிவது? மூலத்தை மறைத்த கட்டுரையில் உரையளவை என்பதே இல்லை. எழுதினான் பெயர் ஒன்றே உண்டு. அவனோ தான் அறிந்ததைக் கூறவில்லை. கருதலளவைக்கும் இந்நிலையே. பிறர்பொருட்டு அனுமானத்தில் ஏது வெளிப்பட உரைக்கப்படல் வேண்டும். ஏதுவைத் தன் மனத்துள் வைத்துக்கொண்டு துணிபை மட்டும் கூறுவான் கூற்றை யாரும் வாதமெனக் கொள்ளார். ஆகவே மூலங்காட்டாத ஆராய்ச்சி ஒழுக்கத்தில் வழுவியது என்பதற்கு முன்னரே, அளவையில் வழுவியது ஆயிற்று.

பல்கலைக்கழகங்கள் இத்தீங்கை உணராமல் இல்லை. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் இதுபற்றி ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டுக்கு உட்படின் தண்டனை இல்லை. 10-க்கு மேற்பட்டு 40 வரையாயின் திருத்திய ஆய்வேட்டை 6 திங்களுக்குள் மீட்டும் தரல் வேண்டும்; 60 வரையாயின் ஓராண்டு திருத்திய ஏடு தருதல் தடுக்கப்படும்; அதற்கு மேலாயின் பதிவே நீக்கப்படும். மூலங்காட்டி எடுத்த பகுதிகளும், பொதுவாக வழங்கும் தொடர்களுள் 14 சொற்கள் வரை ஒருங்கு வருவனவும் கணக்கிற் சேரா. இவ்விதி வேண்டுவதே. ஆயினும் அதன் அளவுகோல் சொல்லை அளப்பது, பொருளை அளவாது. ஒருவருடைய வாதத்தை முதலிலிருந்து முடிவு வரை எடுத்து, வினைமுற்றுக்களை மாற்றி, வடசொற்களுக்குத் தனித்தமிழ்ச் சொற்களைப் பெய்து எழுதினால், கணிப்பொறி அதனைத் தூயது எனக் கூறிவிடும். அதனாற் சிலர், களவாகாமை என்பதற்கு 10 விழுக்காட்டைக் கடவாமை என்பதே இலக்கணம் எனக் கொண்டு, எண்ணைக் குறைக்கும் வித்தையைக் கற்பதில் முனைகின்றனர். நூலைக் கற்றிருப்பின் அதனினும் எளிதாய் முடிந்திருக்கும். எழுதித் தரும் பொறிகள் எழுந்துள்ள இந்நாளில் மற்றொரு கேடும் சேர்ந்தது. அவை சிற்சில பொழுது இல்லாத நூலுக்கும் இல்லாத பக்கத்துக்கும் மெய்போன்ற குறிப்பு வகுத்துத் தருகின்றன. முன்னது உள்ள மூலத்தை மறைப்பது. இஃது இல்லாத மூலத்தைப் படைப்பது. பிந்தியதற்கு மரபில் பெயரும் இல்லை.

மூலங்காட்டுவாருள்ளும் சிலர் காட்டும் முறை பயன்படுவதில்லை. திருமந்திரம், இத்தனையாவது செய்யுள் என எண் மட்டும் தருவர். திருமந்திரப் பதிப்புக்கள் செய்யுள் தொகையிலும் வரிசையிலும் ஒன்றோடொன்று ஒவ்வா; பதிப்பின் பெயர் கூறாத எண் வழிதப்பியவனுக்கு மைல்கல் மட்டும் காட்டியதைப் போலாம். தேவாரத்திற்குத் தலமுறைப் பதிப்பும் பண்முறைப் பதிப்பும் உண்மையின், பக்க எண் கூறுவதினும் திருமுறை, தலம், பதிகத் தொடக்கம் ஆகியவற்றைக் கூறுதலே என்றும் நிலைக்கும். சித்தியாருக்குப் பரபக்கம், சுபக்கம் என்னும் வேறுபாட்டைக் கூறாமல் எண் தருவது இன்னும் கொடிது. இரண்டிற்கும் எண் முதலிலிருந்தே தொடங்குகின்றது. உரையிலிருந்து எடுத்தால் உரைகாரர் பெயர் கூறல் வேண்டும். சித்தியார்க்கு உரைகள் பல. ஒருவர் கூறிய பொருளை மற்றொருவர் ஒப்புவதில்லை.

அச்சேறாத மூலம் ஒன்று எஞ்சியுள்ளது. மடங்களிற் பாடங்கேட்கும்போது ஆசிரியர் வாய்மொழியாக உரைத்த நயங்களும் விளக்கங்களும் ஏட்டில் இல்லை. ஆதலின் எடுத்தாரைக் காட்டிக் கொடுக்க ஏடும் இல்லை. கணிப்பொறிக்கும் அவை எட்டா. பாடம் சொன்னவர் மறைந்த சில ஆண்டுகளில் அவர் சொன்ன பொருள், கேட்ட மாணாக்கருள் எழுதுகோல் வன்மை உடையார் ஒருவர் நூலிற் புதுப்பொருளாய் வெளிவருதல் உண்டு. உடன் கேட்ட மாணாக்கர் அதனைக் கண்டு வாய்திறவார். ஆசிரியர் பெயர் எங்கும் இராது. பழைய மாணாக்கர் இதற்கு எளியதோர் முறை வைத்திருந்தனர். பாடங்கேட்ட குறிப்பை ஏட்டின் ஓரத்தில் எழுதி, இன்னார் உரைத்தது எனக் கீழே ஒரு வரி சேர்ப்பர். பல சுவடிகளில் மூலத்தினும் அவ்வோரக் குறிப்பே இன்று அரிய பொருளாகின்றது. அச்சிட்ட நூலின் முகவுரையில் அவ்வொரு வரிக்கு இடம் இல்லாமற் போகாது.